இரண்டு விரல் இடைவெளி

புன்னாலைக்கட்டுவன் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே
தெரிந்துவிட்டது அந்தக் கனடாக் கதிரை.
பெரியப்பா கப்பலில் போட்டது.
அகலம் பதினெட்டு அங்குலம்.
தர்மிகாவின் இடுப்பு ஒன்பது.
இருத்தினால்
கயிறு விட்ட வாளி மாதிரிச் சரிந்து போவாளாம்.
இப்போது அதில் சின்னவெங்காயம் காய்கிறது.
குறை சொல்லவில்லை,
வெங்காயத்துக்கு அளவு சரி.

பாயில் கிடத்தி அளந்தேன்.
முழங்கால் மடிப்பிலிருந்து பிட்டம் வரை,
பிட்டத்திலிருந்து கமக்கட்டு வரை.
வலது இடுப்பு கொஞ்சம் ஏறி நிற்கிறது,
அதையும் எழுதினேன்.
ஏழு வயது.
ஏழு வருடமும் அவள் கண்டது
கூரைச் சீற், ஒரு மின்விசிறி, இரண்டு பல்லி,
குனிகிற ஆட்களின் மூக்குத் துவாரம்.
அம்மாவின் முகத்தில்
நாடியைத்தான் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ரேப் கையில் பட்டதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.
விடுவிக்கக் கால்மணி நேரம் ஆனது.
அதை எழுதவில்லை.
அளவுத் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

கொக்குவிலில் எங்கள் பட்டறை.
மரமும் இல்லை, இரும்பும் இல்லை,
பழைய பேப்பர்தான்.
கோதம்பமாப் பசை, பூச்சி அரிக்காமலிருக்கத்
துருசு ஒரு சிட்டிகை,
மட்டையின் மேல் தாள், தாளின் மேல் தாள்.
தேர்தல் முடிந்த நேரம் என்றபடியால்
போஸ்டருக்குக் குறைவில்லை.
கைகூப்பிய வேட்பாளர்கள் எல்லாரும்
இருக்கையின் அடியில்.
மற்றப்படி மரண அறிவித்தல்கள்.
எங்கள் பத்திரிகைகளில் அதற்கென்ன பஞ்சம்?
அளவெட்டியைப் பிறப்பிடமாகவும்
ஒஸ்லோவை வதிவிடமாகவும் கொண்ட ஒருவர்
முதுகுச் சாய்வுக்குப் போனார்.
உரும்பிராயில் பிறந்து ஸ்காபரோவில் முடிந்தவர்
கால்மிதிக்கு.
காய்ந்தபின் தட்டிப் பார்த்தால் பலகைச் சத்தம்.
திரும்பி வர வாய்க்காத சனம்
ஒருவர் மேல் ஒருவர் ஒட்டி
பதின்மூன்று கிலோவைத் தாங்குமளவுக்கு
இறுகிப்போயிருந்தது.
மஞ்சள் பெயின்ற் அடித்தும் ஓரத்தில் ஒரு வரி தெரிந்தது:
உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும்.
இன்னொருக்கால் அடித்தேன்.

மாரி தொடங்கிவிட்டது, பசை காயவில்லை.
மூன்று மாதம் பிந்தித்தான் கொண்டுபோனேன்.

விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையில்
இரண்டு விரல் நுழையவேண்டும்.
அதுதான் எங்கள் சட்டம்.

நான்கு விரல் நுழைந்தது.

வசந்தமலர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள்.
"வளந்திட்டாள் அண்ணை.
குறை நினையாதேங்கோ."

பிறந்த கிழமையே ஒரு டொக்டர் சொன்னாராம்,
இது வளராது, கனக்க யோசிக்காதேங்கோ என்று.
இப்போது நிற்கிறாள்
சீட்டுக்காசு பிந்திய ஆள் மாதிரி,
பிள்ளை வளர்ந்ததற்காக.

அளவு பிழைத்து நான் சிரித்தது
அன்றைக்கு மட்டும்தான்.
சனிக்கிழமை வந்து
முன்விளிம்பில் ஒரு துண்டு ஒட்டித் தருகிறேன்,
இன்றைக்குச் சமாளிக்கலாம் என்றேன்.

பட்டியைப் பூட்டினோம்.
வயிற்றுக்கு வளைவு வெட்டிய மேசையை முன்னால் செருகினோம்.
தலை ஆடியது. நின்றது.
விழுந்தது.
பிறகும் நின்றது.
உடம்பைப் பிடித்துவைக்கவே செலவழிந்த கைகள்
வேலை போனவர்களைப்போல் மேசையில் கிடந்தன.

வேலியோரம் ஒரு ஆடு.
முழு ஆடு. நாலு கால், தாடி,
வாயில் பாதி கிளுவை இலை.
அவள் அதைப் பார்த்த மாதிரி
என்னை இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

வசந்தமலர் தேத்தண்ணி வைக்கவென்று
வாளியோடு கிணற்றடிக்குத் திரும்பினாள்.

அம்மாவுக்கு ஒரு முதுகு இருக்கிறது.
அது தூரப் போகும்.
போகப் போகச் சிறிதாகும்.

வீரிட்டு அழுதாள் தர்மிகா.
மேசையில் கிடந்த கை ஒன்று எழும்பி
அந்த முதுகின் பக்கம் நீண்டது.

வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள் தாய்.
"எங்கையேன் குத்துதோ அண்ணை? கதிரை பிழையோ?"

இல்லை, என்றேன்.
கதிரை சரி.